அந்தக் காரணம் இங்கே செல்லுமா?

தத்துவம் படிக்க ஆசைப்பட்டு எங்கள் துறைக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். வணிகவியல் கேட்டுக் கிடைக்காதவர்கள், ஹாஸ்டலில் இடம் வேண்டும் என்பதற்காக ஏதோ ஒரு படிப்பில் பெயர் இருந்தால் போதும் என்றவர்கள், கபடிக்காகக் கல்லூரி அழைத்துக்கொண்டவர்கள். இவர்களை வைத்துத்தான் பி.ஏ. தத்துவம் நடந்தது. 1987இல் தென்மாவட்டக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராகச் சேர்ந்தேன். முதலாண்டுக்கு அறவியல் நடத்தும் வேலை, துறையில் கடைசியாகச் சேர்ந்தவர் தலையில் விழும். என் தலையிலும் விழுந்தது. பிறகு இளையவர்கள் வந்தபோதும் ஓய்வுபெறும் வரை அந்தப் பாடத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நூலகத்தில் மெக்கன்சியின் பழைய கையேடும் வில்லியம் லில்லியின் அறிமுக நூலும் அட்டை கிழிந்து கிடந்தன. அவற்றிலிருந்து ஆசிரியர்கள் தமிழில் நோட்ஸ் சொல்வார்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள். பெந்தாம், மில், கான்ட் என்று வரிசையாகப் போகும். கான்ட்டின் நிபந்தனையற்ற கட்டளை பற்றிக் கட்டுரை வரைக என்ற கேள்வி பருவம் தவறாமல் வரும். ஐந்து பக்கம் அருமையாக எழுதுவார்கள். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

துறைத்தலைவராக இருந்த பெரியவர் ஒருவர் சேர்ந்த புதிதில் எனக்குச் சொன்னார்: “எது நல்லது, எது கெட்டதுன்னு இந்தப் பிள்ளைகளுக்கு நீ சொல்ல வேண்டாம்ப்பா. அதை அவங்க அப்பத்தாவே சொல்லி அனுப்பியிருக்கும். எதனாலன்னு மட்டும் கேளு. சொன்ன காரணத்தை வாங்கி, வேற ஒரு இடத்துல வச்சுப் பாரு.” கடைக்காரர் எடைக்கல்லை அடுத்த கடைத் தராசில் வைத்துச் சரிபார்ப்பது போலத்தான் அது. காரணம் அங்கேயும் சரியாக நின்றால் நல்லது. நிற்கவில்லை என்றால் காரணத்தை மாற்ற வேண்டும், அல்லது முடிவை மாற்ற வேண்டும். அறவியல் வகுப்பில் முப்பது ஆண்டுக்கு மேல் நான் செய்தது இந்த ஒரே வேலைதான். மற்ற எல்லாம் அதற்கான ஏற்பாடு.

தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கான்ட்டை நடத்துவதில் ஒரு வசதி உண்டு. அவரை எதிர்த்து வழக்காட வள்ளுவர் முன்கூட்டியே வகுப்பில் உட்கார்ந்திருப்பார். குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கப்படும் என்று சொல்லும் குறள் எல்லோருக்கும் பள்ளியிலேயே மனப்பாடம். கான்ட்டோ 1797இல் எழுதிய சிறு கட்டுரையில், உன் நண்பனைக் கொல்லத் தேடி வருகிறவன் வாசலில் நின்று கேட்டாலும் பொய் சொல்லாதே என்கிறார். வகுப்பு சிரித்துவிடும். வள்ளுவருக்கு முழு மார்க், கான்ட்டுக்கு முட்டை.

அங்கே நிறுத்தினால் அது தமிழ்ப் பெருமை வகுப்பாக முடிந்துவிடும். அதனால் அடுத்ததாக, “ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம்ங்கிறாங்களே, அது சரியா?” என்று கேட்பேன். ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, “சரிதான் சார், ஒரு குடும்பம் அமையுதுல்ல, நன்மைதானே” என்றான். வழக்கமாகப் பேசாத ஒரு பெண் உட்கார்ந்தபடியே பதில் சொன்னாள்: “எங்கக்காவுக்கு அப்படித்தான் பண்ணாங்க. மாப்பிள்ளை குடிக்கிறவர்னு எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு மட்டும் தெரியாது. நன்மைன்னு முடிவு பண்ணது யாரு? அக்காகிட்ட யாருமே கேக்கலையே.”

கான்ட் சொல்லவந்தது இதுதான். பொய் சொல்கிறவர், கேட்கிறவருடைய முடிவைத் தன் கைக்கு மாற்றிக்கொள்கிறார். எதிரில் இருப்பவரை வெறும் கருவியாக நடத்தாதே என்று 1785இல் அவர் எழுதிய நெறிக்கு நான் அன்று தனியாக விளக்கம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண்ணுக்குப் பிறகு வகுப்பு வள்ளுவரையும் திரும்பப் படித்தது. குற்றமற்ற நன்மை என்று அவர் போட்ட நிபந்தனையில் எத்தனை பொய்கள் தேறும் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார்கள். அப்பாவுக்குப் புற்றுநோய் என்பதை அவரிடம் மறைப்பது தேறுமா? வீட்டுக்கடன் நெருக்கடியைப் பிள்ளைகளிடம் மறைப்பது? தேறியவை கொஞ்சம்தான்.

தொண்ணூறுகளில் வேறொரு சிக்கல் வந்தது. புதிய பாடத்திட்டத்தில் பண்பாட்டுச் சார்பு என்று ஒரு பகுதி சேர்ந்தது. ஒவ்வொரு சமூகத்துக்கும் அதனதன் அறம், வெளியே இருக்கிறவர் அதைத் தப்பென்று சொல்ல முடியாது என்ற கொள்கை. ஜேம்ஸ் ரேச்சல்ஸ் 1986இல் எழுதிய பாடநூலில் இதற்கு நல்ல மறுப்பு உண்டு. பிள்ளைகளுக்கோ கொள்கை உடனே பிடித்துவிட்டது. யாரையும் புண்படுத்தாது, யோசிக்கவும் வேண்டியதில்லை. எதைக் கேட்டாலும், “அது அவங்கவங்க பார்வை சார்” என்று உட்கார்ந்துவிடுவார்கள்.

ஒருநாள் டீக்கடை இரட்டைக் குவளை பற்றிப் பேச்சு வந்தது. ஒரு மாணவன், கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான், “எங்க ஊர் வழக்கம் சார் அது. அதை வெளியூர்க்காரங்க எப்படித் தப்புன்னு சொல்ல முடியும்?” என்றான். இரண்டு பெஞ்சு தள்ளி இருந்தவன் எழுந்தான். “நானும் அதே ஊருதான் சார். அந்த வழக்கம் வேணுமான்னு எங்க தெருவுல யாரும் எங்களைக் கேட்டதில்ல.” வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பண்பாடு ஒரே குரலில் பேசுவதில்லை, வழக்கம் என்று சொல்லப்படுவது பெரும்பாலும் அதனால் லாபம் அடைகிறவர்களின் வாக்குமூலம் என்பதை எந்தப் பாடநூலும் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு யார், “எங்க வழக்கம்” என்று தொடங்கினாலும் அந்த “எங்க”வுக்குள் யார் யார் என்று கேட்பது என் வழக்கமாயிற்று.

2009 ஜனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தல் வந்தது. அதன் பிறகு ஓட்டுக்குப் பணம் என்பது தமிழ்நாட்டில் ஊர்ப்பெயரோடு வழங்கும் சூத்திரமாகிவிட்டது. எங்கள் மாணவர்கள் பலரும் அந்தச் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள். பணம் வாங்குவது தப்பா என்று கேட்டால் தப்பு என்று மனப்பாடமாகச் சொல்வார்கள். அந்தக் கேள்வியால் பயனில்லை. நான் கேட்டது வேறு: பணம் வாங்கியாகிவிட்டது, சாமி படத்தின் மேல் சத்தியமும் செய்தாகிவிட்டது. இனி அவர்களுக்கே ஓட்டுப் போட வேண்டுமா?

வகுப்பு இரண்டாகப் பிளந்தது. போட்டுத்தான் ஆக வேண்டும் என்றவர்களே அதிகம். “வாங்கித் தின்னுட்டு மாத்திப் போடுறது துரோகம் சார்.” ஒருவன், “அவங்க குடுத்ததே நம்ம பணம்தானே” என்றான். அது உண்மையா என்று முதலில் விசாரிக்கச் சொன்னேன், ஏனென்றால் அது அறவியல் கேள்வியே இல்லை, தகவல். அறத்தைப் பற்றிய சண்டைகளில் பாதி, தகவலைப் பற்றிய சண்டையாகத்தான் இருக்கும். வாங்குவதும் கொடுப்பதைப் போலவே சட்டப்படி குற்றம் என்ற தகவலையும் பலகையில் எழுதினேன். சட்டம் தெரிந்ததும் யாரும் கட்சி மாறவில்லை. சத்தியத்தின் பிடி சட்டத்தைவிட இறுக்கமாக இருந்தது.

பிறகு காரணத்தை இடம் மாற்றினோம். வாக்குக் கொடுத்தால் காப்பாற்ற வேண்டும் என்பது காரணம் என்றால், திருட்டுக்குத் துணை வருவதாகக் கொடுத்த வாக்கையும் காப்பாற்ற வேண்டுமா? கூடாது என்றார்கள். அப்படியானால் எதைச் செய்வதாக வாக்களித்தோம் என்பதையும் பார்க்க வேண்டும். டபிள்யூ. டி. ராஸ் 1930இல் சொன்னதை அங்கே நுழைத்தேன்: வாக்கைக் காப்பது ஒரு கடமை, தீங்கு செய்யாதிருப்பது இன்னொரு கடமை, இரண்டும் மோதும்போது எது கனமானது என்று அந்தச் சூழலில்தான் பார்க்க வேண்டும். ஒரு பெண் கேட்டாள்: “சார், என் ஓட்டு என்னோடது மட்டும்தானா? மத்தவங்க தலையெழுத்தும் அதுல இருக்குல்ல? என்னோடது இல்லாத ஒண்ணை நான் எப்படி விக்க முடியும்?” ராஸிடமிருந்து இல்லாமல் அவளிடமிருந்தே வந்த அந்தக் காரணத்தை அடுத்தடுத்த ஆண்டு மாணவர்களுக்கு நான் சொல்லிக்கொண்டே வந்தேன். துரோகம் என்று சொன்னவர்கள் எல்லோரும் மனம் மாறினார்கள் என்று சொல்ல மாட்டேன். துரோகம் யாருக்கு என்ற கேள்விக்கு மட்டும் இரண்டு பெயர்கள் சொல்ல ஆரம்பித்தார்கள்.

டிராலிக் கதையைச் சொல்லாமல் இந்தத் தொழிலைப் பற்றிப் பேச முடியாது. கட்டுப்பாடு இழந்த வண்டி ஐந்து பேர் மேல் ஏறப்போகிறது. திருப்பினால் இன்னொரு தடத்தில் ஒருவர் சாவார். பிலிப்பா ஃபுட் 1967இல் போட்ட கணக்கு. பாலத்தின் மேலிருந்து ஒரு குண்டு மனிதரைத் தள்ளிவிட்டு வண்டியை நிறுத்தலாமா என்ற அடுத்த கணக்கை ஜூடித் ஜார்விஸ் தாம்சன் போட்டார். திருப்பலாம் என்பவர்களே தள்ளக் கூடாது என்பார்கள். உயிர்க்கணக்கு இரண்டிலும் ஒன்றுதான். வித்தியாசம் எங்கே என்று தேடுவதுதான் பாடம். உலகம் முழுக்க இதை வைத்து வகுப்பு நடக்கிறது.

எங்கள் பிள்ளைகளிடம் இது வேகவில்லை. “தண்டவாளத்துல எதுக்கு சார் நின்னாங்க?” “டிரைவர் ஹார்ன் அடிக்கலையா?” “நாலு பேர் சேர்ந்து கத்தினா ஓடிருவாங்களே.” இது கற்பனை, இரண்டு வழிதான் உண்டு என்று வற்புறுத்தினால் எனக்காக ஒரு வழியைத் தேர்ந்தெடுப்பார்கள். மனம் அதில் இருக்காது. சக ஆசிரியர்கள் சிலர் இதைப் பிள்ளைகளின் சிந்தனைக் குறைவு என்றார்கள்.

2015 டிசம்பர் வெள்ளம் இதற்குப் பதில் சொன்னது. அப்போது செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை அடையாற்றில் திறக்கப்பட்டது. கரை உடைந்தால் பேரழிவு, திறந்தால் ஆற்றோரம் மூழ்கும். டிராலிக் கணக்கு அப்படியே கண் முன்னால் நின்றது. அடுத்த பருவம் இதையே வகுப்பில் வைத்தேன். திறந்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் திறந்துதான் ஆக வேண்டும் என்றார்கள். அதில் விவாதமே எழவில்லை. அவர்கள் கேட்டது முழுக்க வேறு: மழை வருமென்று தெரிந்தும் முந்தின நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாக ஏன் விடவில்லை? கரையோரத்து மக்களுக்கு எத்தனை மணி நேரம் முன்னால் சொன்னார்கள்? அவர்கள் ஆற்றங்கரையில் குடிசை போட என்ன காரணம்? அகலமான ஆற்றைக் குறுக்கிக் கட்டடம் கட்ட அனுமதித்தது யார்?

தண்டவாளத்தில் ஏன் நின்றார்கள் என்று அவர்கள் கேட்டதும் இதே கேள்விதான். கதையில் அதற்கு இடமில்லை, வாழ்க்கையில் அதுதான் முதல் கேள்வி. டிராலிக் கதை முன்னெச்சரிக்கையையும் பொறுப்பையும் காலத்தையும் வெட்டிவிட்டுக் கடைசி நொடியை மட்டும் கையில் கொடுக்கிறது. கொள்கைகளைப் பிரித்துப் பார்க்க அது உதவும், நானும் தொடர்ந்து பயன்படுத்தினேன். ஆனால் நிஜத்தில் அறம் தவறுவது பெரும்பாலும் அந்த நொடிக்கு வெகு முன்னால், யாரும் பார்க்காத ஒரு கோப்பில். பொறியியல் கல்லூரிகளுக்குத் தொழில்நெறி வகுப்பெடுக்கப் போனபோதும் சேலஞ்சர் விண்கலத்தை இப்படித்தான் நடத்தினேன். 1986 ஜனவரி 28 அன்று ஏழு பேர் இறந்தார்கள். குளிரில் ரப்பர் வளையங்கள் வேலை செய்யாது என்று ரோஜர் போய்ஸ்ஜோலி என்ற பொறியாளர் முந்தின இரவு மட்டும் சொல்லவில்லை, பல மாதங்களுக்கு முன்பே எழுதிக் கொடுத்திருந்தார்.

2019இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் மாறி, மருத்துவ அறமும் நோயாளியோடு பேசும் முறையும் முதலாண்டு முதல் கட்டாயமாயின. சில மருத்துவக் கல்லூரிகளும் செவிலியர் கல்லூரிகளும் என்னைப் போன்றவர்களைப் பேச அழைத்தன. வெண்டிலேட்டரை நிறுத்துவது பற்றிப் பேசுவேன். அருணா ஷான்பாக் வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் சொன்னது, 2018 மார்ச்சில் முன்கூட்டியே உயில் எழுதிவைக்கும் உரிமையை ஏற்றது எல்லாம் குறிப்பெடுப்பார்கள். அது அவர்களுக்கு ஆஸ்பத்திரி விஷயம். விருதுநகர்ப் பக்கத்துச் செவிலிய மாணவிகளிடம் தலைக்கூத்தல் பற்றிக் கேட்டபோது பேனாக்கள் நின்றன. படுக்கையில் கிடக்கும் முதியவரின் சாவை வீட்டார் விரைவுபடுத்தும் அந்த வழக்கம் 2010 வாக்கில் செய்திகளில் அடிபட்டது. அவர்களில் சிலருக்குச் செய்தித்தாள் தேவைப்படவில்லை.

ஒரு மாணவி மெல்லச் சொன்னாள்: “கஷ்டப்படக் கூடாதுன்னுதான் சார் பண்றாங்க. பாசம் இல்லாம இல்ல.” அதை யாரும் மறுக்க வேண்டியதில்லை. காரணத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அதே பாட்டி, அதே படுக்கை, அதே வலி. ஆனால் வீட்டில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் இருக்கிறார், மாதம் பென்ஷன் வருகிறது, மகள் கூலி வேலையை விட்டுவிட்டு உட்கார வேண்டியதில்லை. அப்போதும் செய்வார்களா? அவள் யோசித்து, “செய்ய மாட்டாங்க சார்” என்றாள். அப்படியானால் காரணம் பாட்டியின் வலி மட்டும் இல்லை. வறுமையும் ஆள் இல்லாததும் சேர்ந்து பாட்டியின் வலி என்ற பெயரில் பேசுகின்றன. இதைச் சொல்லிக் குடும்பத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டியதில்லை. கேள்வி வீட்டிலிருந்து அரசின் முதியோர் மருத்துவத்துக்கும் வலி தணிக்கும் சிகிச்சைக்கும் நகர்ந்துவிடுகிறது. அந்த மாணவிகள் வேலைக்குப் போகப்போவதும் அங்கேதான். ஒரே ஒரு சங்கதியை மாற்றிவைத்து முடிவு மாறுகிறதா என்று பார்ப்பதைவிடக் கூர்மையான கருவி இந்தத் துறையில் எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கிடையில் எங்கள் தொழிலுக்குத் திடீர் மவுசு வந்தது. 2013இல் குடிமைப் பணித் தேர்வில் அறம், நேர்மை, மனப்பாங்கு பற்றி 250 மதிப்பெண்ணுக்குத் தனித் தாள் வந்தது. மாணவர் இல்லாமல் காற்றாடிய துறையிலிருந்து என்னை அண்ணா நகர்ப் பயிற்சி மையங்களுக்கு வார இறுதிகளில் அழைத்தார்கள். கல்லூரியில் ஒரு மாதம் பேசி வாங்கும் கவனம் அங்கே முதல் மணியிலேயே கிடைத்தது. கேட்டதெல்லாம் கீவேர்டு. “சார், இந்தக் கேஸ் ஸ்டடிக்குக் கான்ட் போடலாமா, காந்தி போடலாமா?”

நூற்றுக்கணக்கில் மாதிரித் தாள்கள் திருத்தினேன். எல்லாம் ஒரே தாள். முதலில் உண்மையைக் கண்டறியக் குழு அமைப்பேன், மேலதிகாரிக்குத் தெரிவிப்பேன், பாதிக்கப்பட்டவர்களிடம் கனிவாகப் பேசுவேன், சட்டத்துக்குட்பட்டு எல்லோருக்கும் நன்மை தரும் வழியைத் தேர்வேன். அந்த வழி என்ன என்பது மட்டும் தாளில் இருக்காது. நான் ஒரு பழக்கத்தைக் கொண்டுவந்தேன்: விடையின் கடைசி வரியில், என் முடிவால் நஷ்டப்படுகிறவர் இவர், அவருக்கு நான் சொல்லும் பதில் இது என்று எழுத வேண்டும். ஆக்கிரமிப்பை அகற்றினால் நடைபாதை இட்லிக் கடைக்காரருக்கு நஷ்டம். அகற்றாவிட்டால் சக்கர நாற்காலியில் வருகிறவருக்கு நஷ்டம். யாருக்கும் நஷ்டமில்லாத விடை என்றால் கேள்வியை இன்னும் படிக்கவில்லை என்று பொருள். ஆரம்பத்தில் முணுமுணுத்தார்கள். பின்னாளில் பணிக்குச் சென்ற ஒருவர், கோப்பில் கையெழுத்துப் போடும்முன் அந்த வரியை மனசுக்குள் எழுதிப் பார்ப்பதாகச் சொன்னார்.

கல்லூரிகளிலோ எதிர்த்திசையில் காற்றடித்தது. மதிப்புக் கல்வி எல்லாத் துறைக்கும் கட்டாயமாயிற்று. ஆயிரம் பிள்ளைகள், ஆசிரியர் ஓரிருவர். திருத்த நேரமில்லை என்று தேர்வுகள் கொள்குறி வினாவுக்கு மாறின. நேர்மை என்பது அ, ஆ, இ, ஈ நான்கில் எது? இதில் நூற்றுக்கு நூறு வாங்கியவன் எதைக் கற்றான் என்று சொல்ல யாராலும் முடியாது. 2022 இறுதியில் சாட்ஜிபிடி வந்த பிறகு, மிச்சமிருந்த கட்டுரைப் பயிற்சியும் போயிற்று. கருணைக்கொலை பற்றி எழுதச் சொன்னால் இரு தரப்பையும் சமமாக நிறுத்தி, சூழலைப் பொறுத்தது என்று முடியும் வழவழப்பான தாள்கள் வந்தன. ஓய்வுக்குப் பிறகு கௌரவ விரிவுரையாளராக வகுப்பெடுக்கும் நான் இப்போது எழுதிவருவதைத் திருத்துவதில்லை. ஆளுக்குப் பத்து நிமிடம் எதிரே உட்கார வைக்கிறேன். எழுதிய முடிவைச் சொல்லச் சொல்கிறேன். ஏன் என்கிறேன். பிறகு ஒரு சங்கதியை மாற்றிவைத்து, இப்போது என்ன சொல்கிறாய் என்கிறேன். யார் எழுதியது என்பது மூன்றாவது கேள்வியில் தெரிந்துவிடும். அதைவிட முக்கியமாக, கருவியிடம் எழுதி வாங்கி வந்த பிள்ளையும் அந்த மூன்றாவது கேள்வியில் தானாக யோசிக்கத் தொடங்கிவிடுகிறது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் மதிப்பெண் எப்படிப் போடுவது என்று என்னிடம் கேட்பதுண்டு. முடிவுக்கு மதிப்பெண் கிடையாது. தகவலைச் சரியாக எடுத்து வைத்ததற்குக் கொஞ்சம், காரணத்தைத் தெளிவாகச் சொன்னதற்குக் கொஞ்சம். அந்தக் காரணம் தன்னையே உதைக்கும் இடத்தை மாணவரே கண்டுபிடித்து, அங்கே என்ன செய்வேன் என்று சொன்னால் மீதி முழுவதும். தன் பக்கத்துப் பலவீனத்தைத் தானே எடுத்துச் சொல்வது இந்த வயதில் கடினம், அதனால்தான் அதற்கு அதிக மதிப்பெண்.

“அப்போ எல்லா விடையும் சரியா சார்?” என்று உடனே கேட்பார்கள். இல்லை. கருணைக்கொலையை ஆதரித்தும் எதிர்த்தும் முதல் தரமான தாள்களை நான் பார்த்திருக்கிறேன். ஓட்டுப் பணத்தில் சத்தியத்தைக் காப்பதற்கும்கூட யோசிக்க வைக்கும் வாதங்கள் வந்ததுண்டு. ஆனால் இத்தனை வருடத்தில் இரட்டைக் குவளையை நியாயப்படுத்தி, அதில் குடிக்க வைக்கப்பட்டவர் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரு காரணத்தை எந்த மாணவனும் எழுதிக் கொடுத்ததில்லை.